இந்திய இளையோர் கால்பந்து அணி: நீரோடி, பொழியூர் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடைசிக் கடலோர ஊர் நீரோடி. அதைத் தாண்டினால் பொழியூர், திருவனந்தபுரம் மாவட்டம். பேருந்துப் பலகையில் எழுத்து மாறும், பேச்சு மாறாது. பந்தும் மாறாது. இந்தக் கரையிலிருந்து கேரளத்துக்காகவும் தமிழ்நாட்டுக்காகவும் சந்தோஷ் டிராபி, அதாவது மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி, ஆடியவர்கள் உண்டு. நான் சாயங்கால நேரங்களில் இங்கே பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். இந்தியாவின் ஜூனியர் அணி பற்றிப் பையன்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

“அண்ணா, இந்தியா வேர்ல்ட் கப் ஆடியிருக்கா?”

ஆடியிருக்கிறது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, 2017 அக்டோபர் 6 முதல் 28 வரை நம் நாட்டிலேயே நடந்தது. ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்திய ஆண்கள் அணி ஆடியது அந்த ஒரு முறைதான். தகுதிச் சுற்று ஆடி உள்ளே போகவில்லை, போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம் அது. இதைப் பையன்களிடம் நான் மறைப்பதில்லை. அவர்கள் அங்கே ஆடிய விதத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

அந்த மூன்று ஆட்டங்களில் என்ன நடந்தது?

மூன்றும் டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில். முதலில் அமெரிக்காவிடம் 0-3. அடுத்து அக்டோபர் 9 அன்று கொலம்பியாவிடம் 1-2. கடைசியில் 12ஆம் தேதி கானாவிடம் 0-4. காகிதத்தில் பார்த்தால் மூன்று தோல்வி, அடித்தது ஒரே கோல்.

அந்தக் கொலம்பியா ஆட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும். நாங்கள் ஊர் நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு டிவி முன்னால் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். முதல் பாதி முடியும் தறுவாயில் திருச்சூர்க்காரப் பையன் கே.பி. ராகுல் இடது காலால் அடித்த பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல் ஒரு மலையாளிப் பையன் பெயரில் இருந்திருக்கும். இடைவேளைக்குப் பிறகு 49ஆம் நிமிடத்தில் பெனாலோசா கொலம்பியாவுக்கு ஒரு கோல் போட்டார். நம் பையன்கள் சோர்ந்துபோகவில்லை. 82ஆம் நிமிடத்தில் ஒரு கார்னர். பெங்களூருக்காரரான சஞ்சீவ் ஸ்டாலின் தூக்கிப்போட்ட பந்தை, மணிப்பூர்க்காரர் ஜீக்சன் சிங் மேலே எழும்பித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 1-1. அந்த நிமிடம் டிவி முன்னால் எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழுதது. கொண்டாடி முடிப்பதற்குள், அடுத்த நிமிடமே, அதே பெனாலோசா மறுபடியும் அடித்துவிட்டார்.

அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அடுத்த மாதக் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. அன்று அந்த டிவி முன்னால் உட்கார்ந்து கத்தியவர்களில் சிலர் கடலிலிருந்து திரும்பவில்லை. அவர்கள் கடைசியாகக் கொண்டாடிய கோல் ஜீக்சன் அடித்ததுதான். அதனால் எனக்கு அது வெறும் 1-2 இல்லை.

ஜீக்சன் முதலிலிருந்தே அணியில் இருந்தவரா?

இல்லை. அணிக்கு முதலில் ஜெர்மன் பயிற்சியாளர் நிக்கோலாய் ஆதம் இருந்தார். 2017 தொடக்கத்தில் அவர் போய், போர்ச்சுகல்காரர் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் வந்தார். அவர் வந்த பிறகு பஞ்சாபின் மினர்வா கால்பந்து அகாடமி அணி ஒரு நட்பு ஆட்டத்தில் இந்திய 17 வயது அணியையே வென்றது. அதைப் பார்த்து அவர் மினர்வா பையன்கள் சிலரை முகாமுக்கு எடுத்துக்கொண்டார். ஜீக்சன் அதில் ஒருவர். உலகக் கோப்பைக்குச் சில மாதங்களே இருந்த நேரம் அது. மாவட்டத் தேர்வில் பெயர் வரவில்லை என்று வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிற பையன்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இந்தியா கொச்சியில் ஆடவில்லையா?

இல்லை. கொச்சி கலூர் மைதானத்தில் பிரேசில், ஸ்பெயின், வடகொரியா, நைஜர் பிரிவின் ஐந்து ஆட்டங்கள்தான் நடந்தன. அதோடு கினி - ஜெர்மனி ஆட்டம் ஒன்று, பிறகு நாக் அவுட்டில் பிரேசில் - ஹோண்டுராஸ், ஸ்பெயின் - ஈரான். அக்டோபர் 7 அன்று பிரேசில் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது நாங்கள் எட்டுப் பேர் குழித்துறையில் காலை ரயில் ஏறிப்போய் நேரில் பார்த்தோம். எங்கள் கடப்புறத்தில் பிரேசில் கொடி கட்டாத தெருவே கிடையாது, அதனால் யாரும் வேலைக்கணக்குப் பார்க்கவில்லை. இறுதியில் இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வென்றது கொல்கத்தாவில்.

இத்தாலியை நம் பையன்கள் தோற்கடித்தார்கள் என்கிறார்களே?

2017 மே மாதம் அப்படி ஒரு செய்தி எல்லா இடத்திலும் ஓடியது. இந்தியா 2-0 என்று வென்றது உண்மை. ஆனால் எதிரே ஆடியது இத்தாலி தேசிய அணி இல்லை, அங்குள்ள கீழ்நிலை லீக் கிளப்புகளின் பையன்களைச் சேர்த்த அணி. பிறகு இத்தாலித் தரப்பே அதைத் தெளிவுபடுத்தியது. தயவுசெய்து யாரும் இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டாம். சொல்வதற்கு உண்மையான வெற்றி வேறு இருக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

அர்ஜென்டினாவை வென்றது உண்மையா?

உண்மை, முழுக்க உண்மை. 2018 ஆகஸ்ட் 5, ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் கோப்பை. இந்திய 20 வயதுக்குட்பட்டோர் அணி அர்ஜென்டினாவின் அதே வயது அணியை 2-1 என்று வென்றது. தீபக் டாங்ரி ஒன்று, அன்வர் அலி ஃப்ரீகிக்கில் ஒன்று. அனிகேத் ஜாதவ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனதால் நம் அணி பத்துப் பேரோடு ஆடி அந்த வெற்றியைக் காப்பாற்றியது. அர்ஜென்டினா பெஞ்சில் பயிற்சியாளராக இருந்தவர் லயனல் ஸ்கலோனி. நான்கு வருடம் கழித்துக் கத்தாரில் மெஸ்ஸி அணியைக் கோப்பை வாங்கவைத்தவர். நம் அணியைப் பழக்கியவர் ஃப்ளாய்ட் பின்டோ.

அதே நாளில் ஜோர்டானில் நம் 16 வயது அணி ஈராக்கை 1-0 என்று வென்றது. ஒரே நாளில் இரண்டு. எங்கள் கரையில் அன்று அர்ஜென்டினா ரசிகர்களுக்கு என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆசிய அளவில் நம் 17 வயது அணியின் கணக்கு என்ன?

முன்பு இது 16 வயதுக்குட்பட்டோர் போட்டியாக இருந்தது, இப்போது 17 வயது ஆசியக் கோப்பை. இந்தியா பல முறை தகுதி பெற்றிருக்கிறது. காலிறுதி வரை போனது இரண்டு முறை: 2002-இலும் 2018-இலும். இரண்டு முறையும் தடுத்தது தென்கொரியா.

2018 மலேசியாவில் நடந்த போட்டியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கோவாக்காரர் பிபியானோ ஃபெர்னாண்டஸ் பயிற்சியாளர். வியட்நாமை விக்ரம் பிரதாப் சிங் அடித்த பெனால்டியில் 1-0 என்று வென்றார்கள். ஈரானோடு 0-0. இந்தோனேசியாவோடு 0-0. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அதில் கோல்கீப்பர் நீரஜ் குமாரின் பங்கு பெரிது. காலிறுதியில் தென்கொரியாவையும் முதல் பாதி முழுக்க அடக்கிவைத்தார்கள். இரண்டாம் பாதியில் ஒரே ஒரு கோல். 0-1. அரையிறுதிக்குப் போயிருந்தால் 2019 உலகக் கோப்பைக்கு இந்தியா சொந்தக் காலில் போயிருக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று 17 வயது உலகக் கோப்பையில் 24 அணிகள், ஆசியாவிலிருந்து அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளுக்குத்தான் இடம். 2025 முதல் 48 அணிகள், அதுவும் ஆண்டுதோறும். ஆசியக் கோப்பையில் காலிறுதிக்கு வந்தாலே டிக்கெட். 2002 அணியும் 2018 அணியும் இன்றைய விதியில் உலகக் கோப்பை போயிருக்கும். “நமக்கு அந்தத் தரம் கிடையாது” என்று டீக்கடையில் சொல்கிற பெரியவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. இரண்டு முறை அந்தப் படியில் ஏறி நின்றிருக்கிறோம்.

2018-க்குப் பிறகு?

2019-இல் தாஷ்கண்ட் தகுதிச் சுற்றில் இந்தியா பிரிவிலேயே முதலிடம். துர்க்மெனிஸ்தானையும் பஹ்ரைனையும் தலா 5-0 என்று வென்று, உஸ்பெகிஸ்தானோடு 1-1 டிரா செய்து, 2020 ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. கொரோனாவால் அந்தப் போட்டி ரத்தானது. அந்தப் பையன்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். இந்த வயதுப் போட்டியில் அடுத்த முறை என்பது கிடையாது, வயது தாண்டிவிடும்.

2023-இல் தாய்லாந்தில் வியட்நாமோடு 1-1, உஸ்பெகிஸ்தானிடம் 0-1, ஜப்பானிடம் 4-8. எட்டு வாங்கியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஜப்பானுக்கு எதிராக நான்கு அடித்ததை யாரும் பேசவில்லை. 2025 போட்டிக்குத் தகுதி பெறவில்லை, தகுதிச் சுற்றில் தாய்லாந்திடம் 2-3 என்று தோற்றது அதற்குக் காரணம். அப்புறம் 2025 நவம்பரில் அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்கு இடம் பிடித்தது. அன்று முதலில் கோல் போட்டது ஈரான். பின்னால் இருந்து வந்து ஈரானை வெல்வது சாதாரணமில்லை.

தெற்காசிய அளவில், அதாவது சாஃப் போட்டிகளில், நம் அணிதான் பெரும்பாலும் முதலில் நிற்கிறது. 2022 இறுதியில் நேபாளத்தை 4-0 என்று வென்றோம். 2023, 2024 இரண்டிலும் பங்களாதேஷை 2-0.

20 வயது அணி ஆசியக் கோப்பை வாங்கியதாகத் தாத்தா சொல்கிறார். நிஜமா?

தாத்தா சொல்வது சரி. 1974, பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டி. இறுதி ஆட்டத்தில் ஈரானோடு 2-2. கோப்பையை இரண்டு நாடும் பகிர்ந்துகொண்டன. ஹைதராபாத்துக்காரர் ஷபீர் அலி கேப்டன், அருண் கோஷ் பயிற்சியாளர். இளையோர் உலகப் போட்டியை ஃபிஃபா தொடங்கியதே 1977-இல்தான். மூன்று வருடம் முன்னால் வென்றதால் அந்த அணிக்குப் போக ஓர் உலகக் கோப்பை இல்லாமல் போனது.

அதன் பிறகு இந்த வயதில் சரிவுதான். 2006-இல் இந்தப் போட்டி இந்தியாவிலேயே நடந்தபோது ஆடினோம். அதற்குப் பிறகு 2025 போட்டி வரை ஒரு முறைகூடத் தகுதி பெறவில்லை.

16 வயதில் ஈரானோடு சமமாக நிற்கிறார்கள், 20 வயதில் ஏன் பின்தங்கிவிடுகிறார்கள்?

என் கருத்தைச் சொல்கிறேன். ஆட்டம் போதவில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் ஒரு பையன் வருடம் முழுக்கப் பள்ளி லீக், கிளப் லீக் என்று ஆடிக்கொண்டே இருக்கிறான். நம் பையன் வருடத்தில் சில வாரம் நாக் அவுட் போட்டி ஆடுகிறான், ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு வந்துவிடுகிறான். 2017, 2018 அணிகள் நன்றாக ஆடியதற்குக் காரணம், அந்தப் பையன்களைச் சிறு வயதிலேயே ஒன்றாகச் சேர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பி நிறைய ஆட்டம் ஆடவைத்தது. முகாம் கலைந்ததும் அந்த ஆட்டங்களும் நின்றுபோகின்றன. 17 வயதுக்கு மேல் பெரிய கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருடம் போய்விடுகிறது.

இதைப் புரிந்துதான் 2017 அணியைக் கலைக்காமல் இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீக் என்ற தேசியக் கிளப் போட்டியில் ஆடவிட்டார்கள். பலன் தெரிந்தது. ஜீக்சன், சுரேஷ் சிங், அமர்ஜித், அன்வர் அலி, அபுயா என்று அழைக்கப்படும் லாலெங்மாவியா எல்லோரும் பிறகு சீனியர் இந்திய அணிக்கு ஆடினார்கள். ஜீக்சனும் ராகுலும் கொச்சிக் கிளப்பான கேரளா பிளாஸ்டர்ஸ் சட்டையில் கலூர் மைதானத்தில் ஆடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ராகுல் 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் சீனாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். ஆட்டம் 1-5, ஆனால் அந்தக் கோலை ஒரு முறை தேடிப் பாருங்கள்.

அன்வர் அலிக்கு 2019-இல் இதயத்தில் கோளாறு என்று தெரிந்து ஆட வேண்டாம் என்றார்கள். நீதிமன்றம் வரை போய்ப் போராடி மறுபடி மைதானத்துக்கு வந்து 2022-இல் இந்தியாவுக்கு ஆடினார்.

பெண் பிள்ளைகளுக்கு அணி உண்டா? என் மகளும் ஆடுகிறாள்.

உண்டு அம்மா, அனுப்புங்கள். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை 2022 அக்டோபரில் இந்தியாவில் நடந்தது. கொரோனாவால் தள்ளித்தள்ளிப் போய் நடந்த போட்டி அது. போதாததற்கு அந்த ஆகஸ்டில் ஃபிஃபா நம் கால்பந்து சம்மேளனத்தையே சில நாள் இடைநீக்கம் செய்தது. போட்டி கையைவிட்டுப் போகப் பார்த்தது. அஸ்தம் ஓராவ் கேப்டன். அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. எண்கள் கசப்பானவைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் நம் 20 வயதுப் பெண்கள் மியான்மரை 1-0 என்று அவர்கள் ஊரிலேயே வென்று, இருபது வருடம் கழித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். பெண்கள் பக்கம் கதவு இப்போதுதான் அகலமாகத் திறக்கிறது.

வயதை எப்படிப் பார்க்கிறார்கள்? சர்டிபிகேட்டில் ஒரு வருடம் மாறிவிட்டதே?

17 வயதுப் போட்டிக்குப் போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து 17-ஐக் கழியுங்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். 2017 போட்டிக்கு 2000 ஜனவரி 1. காகிதத்தோடு முடிவதில்லை. சர்வதேச அளவில் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்து எலும்பு வளர்ச்சி பார்க்கிறார்கள். உள்நாட்டுப் போட்டிகளிலும் மணிக்கட்டு எக்ஸ்ரே உண்டு. வயதைக் குறைத்து எழுதி ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளை மாட்டிக்கொண்டால் அவமானம் அவனுக்குத்தான்.

உண்மையாகவே தவறு நடந்திருந்தால் உடனே திருத்துங்கள். நம் கரையில் இது அடிக்கடி நடக்கும். பிரசவம் கேரளப் பக்கம் பாறசாலையில், வீடு நீரோடியில், பள்ளி மறுபடி அந்தப் பக்கம். என்னிடம் பழகிய ஒரு பையனுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கும்போது எழுதிய வேறு தேதி. பெயரின் எழுத்தும் ஒரு மாநிலத்தில் ஒருவிதம், மறு மாநிலத்தில் வேறுவிதம். மாநில முகாமுக்குப் பெயர் வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தோம். இரண்டு அலுவலகத்துக்கும் அலைந்து முடிப்பதற்குள் முகாம் முடிந்துவிட்டது. அவன் இப்போது வள்ளத்தில் போகிறான். ஏழாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதை நான் எல்லா அப்பா அம்மாவிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

தேசிய முகாம் வரை போக வழி என்ன?

பள்ளி வழி ஒன்று: சுப்ரதோ கோப்பை, 1960 முதல் நடக்கும் பள்ளிகளுக்கான போட்டி. மாநில வழி இன்னொன்று: மாவட்ட அணி, பிறகு மாநில சப்ஜூனியர், ஜூனியர் அணி, அங்கிருந்து தேசியப் போட்டி. மூன்றாவது, இப்போது முக்கியமான வழி, கிளப் அகாடமிகள். சம்மேளனம் நடத்தும் இளையோர் லீக்கில் அகாடமிகள் ஆடுகின்றன, தேசியப் பயிற்சியாளர்கள் அங்கேதான் அதிகம் பார்க்கிறார்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளப் பக்கமா தமிழ்நாட்டுப் பக்கமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, அந்த மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சொல்கிற ஆவணத்தோடு பதிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் பெயர் கொடுத்துவைத்தால் இரண்டும் கெடும்.

மணலில் ஆடிப் பழகியவன் அங்கே போய்த் தாக்குப்பிடிப்பானா?

கால் பலத்துக்கு மணலைப் போல ஒன்று கிடையாது. இரவிப்புத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் என்ற பெரிய கிளப் லீக் வரை போனது இந்தக் கரையிலிருந்துதான். ஆனால் மணலில் பந்து உருளாது, அதனால் பையன்கள் தூக்கித் தூக்கி ஆடப் பழகிவிடுகிறார்கள். புல்லில் பந்து வேகமாக வரும், முதல் தொடுதலிலேயே அடக்க வேண்டும். தேர்வுக்குப் போன நம் பையன்கள் பலர் அங்கேதான் தடுமாறினார்கள். கடல் அரித்து மைதானமும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவருகிறது. அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு கரையைவிட்டு உள்ளே இருக்கும் புல் மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். காலை ஐந்தரைக்குக் குருசடி முன்னால் வேன் நிற்கும். பூட்ஸ் இல்லாதவர்களும் வரலாம், பழைய பூட்ஸ் ஒரு சாக்கு நிறைய வைத்திருக்கிறேன், அளவு பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.